வீட்டுக்குக் கலர் எதுக்கு?

— அதைத் தொடாதேக்கா, அது உனக்கு வேணாம். பார்க்கத்தான் குட்டியா, சமத்தா இருக்கு. ஒரு மாசம் சும்மா வச்சியோ, மை காஞ்சு மூக்கடைச்சுக்கும்.

— நான் எங்க தொட்டேன்? விலையைப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு கலர் பிரிண்டர் வேணும்னு வந்ததும் சொன்னேன். நீ என்னடான்னா கால் மணி நேரமா இந்த நாற்காலியையே துடைச்சுக்கிட்டிருக்க.

— துடைக்காம? பதினாலு மாசம் கழிச்சுக் கூடப் பொறந்தவ கடைக்கு வந்திருக்கா. தூசியில உக்கார வைக்கவா?

— மாசத்தை எண்ணிக்கிட்டா இருந்த?

— வாரண்டி போட்டு வாரண்டி போட்டு அதே பழக்கம். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் எத்தனை மாசம் ஆச்சுன்னுதான் மனசு ஓடுது. உக்காரு முதல்ல.

— உக்கார்றேன். முதல் விஷயம், கலர் வேணும். ரெண்டாவது, லேசர் வேணும். மூணாவது, என் சம்பளத்துக்கு அடங்கணும். இந்த மூணுக்குள்ள நின்னு பேசு. வழவழன்னு ஊரைச் சுத்தாதே.

— நீ மாறவே மாட்ட. மளிகை லிஸ்ட்டையே கட்டம் போட்டு அச்சடிச்சு எடுத்துட்டுப் போறவதானே நீ. ஒரு தடவை அப்பா பொறந்தநாளுக்கு வாழ்த்துன்னு வரிசை எண் போட்டு அட்டவணை குடுத்தியே, அதைப் படிச்சுட்டு அவரு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்தாரு.

— சிரிக்காதே. அதை இன்னும் பீரோ உள்பக்கம் ஒட்டி வச்சிருக்காரு.

— எப்படி இருக்காரு?

— பிரிண்டரைக் காட்டு.

— சரி, பிரிண்டர். கேளு, சும்மா சொல்லலை. வீட்டுக்குன்னு வர்ற கலர் லேசர்ல, கடையில இப்ப இருக்கிறது மூணு. இது அச்சடிக்க மட்டும். பக்கத்துல உள்ளது ஸ்கேனும் எடுக்கும். அந்த மூலையில நிக்குதே, அது ஆனை. அதைப் போட்டா உங்க வீட்டு லைட்டெல்லாம் மங்கும்.

— ஸ்கேன் எனக்கு வேணாம். ஆபீஸ்ல இருக்கு.

— ஆபீஸ்ல கலரும்தான் இருக்கு? இத்தனை நாள் அங்கதானே எடுத்த?

— புதுசா ஒரு மேனேஜர் வந்திருக்காரு. கலர்ல ஒரு பக்கம் எடுக்கணும்னா என்னத்துக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அப்பா மாத்திரை டப்பாவுக்குன்னு எழுதச் சொல்றியா?

— டப்பா இன்னும் அதே மாதிரிதானா? மூடி மேல வட்டம் ஒட்டி?

— அதே மாதிரிதான். அப்ப ரெண்டு டப்பா, இப்ப அஞ்சு.

— அஞ்சா!

— காலைக்குப் பச்சை, ராத்திரிக்குச் சிவப்பு, அது பழசு. நடுவுல மஞ்சள், நீலம், ஊதான்னு மூணு சேர்ந்துடுச்சு. ஒரு நாளைக்கு ஒம்பது மாத்திரை. எழுத்து சுத்தமாத் தெரியறதில்லை. கண்ணு இனிமே இவ்வளவுதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. நிறம் மட்டும் இன்னும் பளிச்சுன்னு தெரியுது.

— தெரியாம இருக்குமா? முப்பத்தாறு வருஷம் ரயில் ஓட்டினவரு. அரை மைல் தூரத்துல இருக்கிற பச்சையைப் பார்த்துக்கிட்டே டீ குடிச்சவரு. ஒரு நாள் கூடச் சிவப்பைத் தாண்டினதில்லை...

— நீ அதைச் சொல்லாதே.

— சொல்லலை. ஒரு சந்தேகம் கேட்கவா? திட்டக்கூடாது. எழுதுபொருள் கடையில கலர் ஸ்டிக்கர் அட்டை விக்குது. அஞ்சு அட்டை வாங்கினா கதை முடிஞ்சது. அதை விட்டுட்டுப் பிரிண்டர் எதுக்கு?

— பிரிண்டர் விக்கறவன் பேசற பேச்சா இது? அந்த ஸ்டிக்கர் கட்டைவிரல் நகம் அளவு. அவருக்கு மூடி முழுக்க வேணும். மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் ஒன்னைக் கூட்டுவாரு, ஒன்னைக் குறைப்பாரு. உடனே புதுசா ஒட்டணும். பகல்ல அவரைப் பார்த்துக்க வர்ற வேலைக்கார அம்மாவுக்கு ஒரு அட்டவணை வேணும், அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நிறம்தான் கணக்கு. போதுமா?

— போதும் தாயே. அட்டவணைன்னு சொன்னதுமே நான் கையைத் தூக்கிட்டேன்.

— இதுல எது விலை கம்மி?

— பெட்டி விலையா, ஓட்டுற விலையா? கேளு. பெட்டி விலையைப் பார்த்து வாங்கிட்டு ஒரு வருஷம் கழிச்சு என் கல்லாவுல வந்து அழறவங்கதான் ஜாஸ்தி. இது உள்ளே நாலு டோனர். கறுப்பு, மஞ்சள், ரோஸ், நீலம். எல்லாம் தூள், மை கிடையாது. அதனால ஆறு மாசம் சீண்டாம விட்டாலும் காயாது. அதுதான் லேசரோட நல்ல குணம். கெட்ட குணம், இந்த நாலையும் ஒரே நேரத்துல மாத்தப் போனா பிரிண்டர் விலையை எட்டிப் பிடிக்கும்.

— அப்புறம் என்ன எனக்கு அடங்கும்?

— பொறு. பெட்டியோட வர்ற டோனரை அரை வயிறுதான் நிரப்பி அனுப்புவாங்க. பெருசா ஓட்டறவங்களுக்கு ரெண்டே மாசத்துல தீரும். நீ மாசம் எத்தனை பக்கம் எடுப்ப?

— பத்து. மிஞ்சிப்போனா பன்னெண்டு.

— அப்ப உனக்கு அரை வயிறே மூணு நாலு வருஷம் தாராளமா வரும்.

— மூணு வருஷம்.

— சத்தியமா. எழுதிக் குடுக்கிறேன்.

— டாக்டர் மூணு வருஷமெல்லாம் சொல்லலைடா.

— என்ன சொன்னாரு?

— இதயம் பாதிதான் வேலை செய்யுதாம். மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம்னாரு. அப்புறம் பார்க்கலாம்னு சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை, ஃபைலைப் பார்த்துச் சொன்னாரு.

— மழைக்காலம் முடிய இன்னும் மூணு மாசம் இருக்கா?

— ரெண்டரை.

— நடக்கறாரா?

— கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வரைக்கும். இடுப்பெலும்பு ஒட்டிடுச்சுன்னுதான் சொன்னாங்க. அவருக்குத்தான் அது மேல நம்பிக்கை வரலை. மாடிப்படியைப் பார்த்தா இன்னைக்கும் முகம் ஒரு மாதிரி ஆயிடுது. விழுந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தவிரக் கீழ இறங்கினதே இல்லை.

— பதினோரு படி.

— அதையும் எண்ணினியா?

— சின்ன வயசுல ஒவ்வொரு படியா குதிச்சு எண்ணினதுக்கா. அப்ப விழுந்தது நான். தூக்கிக்கிட்டு ஓடினது அவரு.

— கேளுடா. பிரிண்டர் கிடக்கட்டும். நான் ஒன்னு சொல்லணும்னுதான்...

— அதுக்கு முன்னாடி ஸ்டிக்கர் தாள் விஷயத்தைச் சொல்லிடறேன், மறந்துடுவேன். பழைய மை பிரிண்டருக்கு வாங்கின தாளை இதுல போட்டுடாதே. இது உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். பசை உருகி உருளையில சுத்திக்கும், அப்புறம் நான்தான் வந்து... இல்ல, நான் வர முடியாது. வேற ஆள் அனுப்பணும். அதனால லேசர்னு போட்ட தாளாப் பார்த்து வாங்கு.

— நான் பேசிக்கிட்டிருக்கேன்.

— நானும் உன் நல்லதுக்குத்தான் பேசறேன். ரெண்டு கட்டு ஸ்டிக்கர் தாள் நானே வச்சுத் தர்றேன். அதுக்கு விலை கேக்காதே.

— அன்னைக்கு நீ வந்து பிரிண்டரை மாத்தி வச்சியே...

— தெரியும்க்கா, அதுக்குத்தான் வருவேன்னு தெரியும். நீ சொல்ல வேணாம், நானே சொல்லிடறேன். தப்பு என்னோடது. உன் பழைய கலர் பிரிண்டர் அடைச்சுக்கிச்சு, சரி பண்ணக் குடுன்னு எடுத்துட்டு வந்தேன். அதுவரைக்கும் இது இருக்கட்டும்னு கடையில கிடந்த ஒரு கறுப்பு-வெள்ளை லேசரைக் கொண்டாந்து உன் மேஜையில வச்சேன். நீ ஆபீஸ்ல இருந்த. அப்பாதான் கதவைத் திறந்தாரு. இங்க கடையில ரெண்டு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க, வச்ச கையோட ஓடி வந்துட்டேன். ‘இது கறுப்பு மட்டும்தான்’னு ஒரு துண்டுச் சீட்டு. அரை நிமிஷ வேலை. அதை எழுதலை.

— எனக்கு ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்னு அப்ப சொன்னேன்.

— சொன்ன. சரியாத்தான் சொன்ன. அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாம். அவரு கேட்டாரு, ‘என்னடா, இது புதுசா இருக்கே, கலர் வருமா’ன்னு. ‘வீட்டுக்குக் கலர் எதுக்குப்பா’ன்னு சிரிச்சுக்கிட்டே படி இறங்கிட்டேன். அவரு அதை விளையாட்டுன்னு எடுத்துக்கிட்டாரு. அந்த வார்த்தை இன்னைக்கும் காதுல கிடந்து குடையுது. யாராவது உள்ளே வந்து ‘வீட்டுக்குத்தான், கறுப்பு-வெள்ளை போதும்’னு சொன்னா நான் விடறதில்லை. கலரை எடுங்க, கலரை எடுங்கன்னு துரத்தறேன். பேராசைக்காரன்னு பேராயிடுச்சு.

— மறுநாள் காலைல தண்ணி கொட்டிப் பழைய வட்டம் ரெண்டும் ஊறிப்போச்சு. புதுசா எடுக்கலாம்னு நான் கம்ப்யூட்டரைப் போட்டேன்...

— ஏன்க்கா இப்ப இதெல்லாம்?

— நீ மட்டும் சொன்னியே?

— நான் சொன்னது என் பங்கு. நீ பொத்தானை அமுக்கிட்டு ஆபீசுக்கு ஓடிட்ட. நிறமில்லாம வந்த வட்டத்தை, நீ அடிச்சதுன்னு நம்பி அவரே வெட்டினாரு, அவரே ஒட்டினாரு. ஒம்பது மணிக்குக் காலை மாத்திரைன்னு நெனச்சுத் தூக்க மாத்திரை ரெண்டைப் போட்டுக்கிட்டு, பேப்பர் எடுக்கப் படி இறங்கினாரு. அவ்வளவுதானே? எத்தனை தடவை சொன்னாலும் அவரு அந்தப் படியில நிக்கப் போறதில்லை. எழுந்து வா, அச்சடிச்சே காட்டறேன். உன் போன்ல அந்த அஞ்சு வட்டம் இருக்கா?

— இருக்கு.

— அனுப்பு. வயரெல்லாம் வேணாம், போன்லேர்ந்தே போகும்.

— இது என்ன, இப்படிக் கரகரங்குது?

— தூங்கிக்கிட்டிருந்துச்சு, எழுந்து சோம்பல் முறிக்குது. முதல் பக்கத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அப்புறம் சட்டு சட்டுன்னு வரும். இதோ வந்துடுச்சு. தொட்டுப் பாரு, சுடுதா? என்னக்கா, அப்படிப் பார்க்கற? நிறம் சரியில்லையா? சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா குறைச்சுக்கலாம்.

— இல்ல. நல்லா இருக்கு. பச்சை அப்படியே சிக்னல் பச்சை.

— ஆமா. இப்பதான் நானே கலர்ல பார்க்கறேன், நீ வரைஞ்ச வட்டத்தை.

— இரு, போன் அடிக்குது. அப்பாதான். இந்த போன் காதுல வச்சாக் கேக்காது, ஸ்பீக்கர்லதான் போட்டாகணும். நீ வாயைத் திறக்காதே. மூச்சு விடாதே.

— ஏம்மா, லைன் கிளியரா? பேசலாமா?

— சொல்லுங்கப்பா.

— எங்க நிக்கற?

— கடைத்தெருவுலப்பா.

— பார்த்தியா?

— பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். ஒன்னு பிடிச்சிருக்கு.

— வாய்ப்பேச்சை நம்பாதே. அச்சடிச்சுக் காட்டச் சொல்லு.

— காட்டினாங்கப்பா. கையில வச்சிருக்கேன்.

— பச்சை?

— பளிச்சுன்னு இருக்கு.

— சிவப்பு?

— சிவப்பும்தான்ப்பா.

— சரி. விலையைக் குறைச்சுக் கேளு. கேட்டாக் குடுப்பாங்க. அப்புறம், ஏம்மா... அவன் கடைப்பக்கம் மட்டும் போயிடாதே.

— அப்பா, அதை விடுங்களேன்.

— விட்டுட்டேன். எப்பவோ விட்டுட்டேன். கெட்டவன்னு நான் சொல்லலை, ஒரு நாளும் சொல்ல மாட்டேன். என் புள்ளை எனக்குத் தெரியாதா? ஆனா டிரைவர்கிட்ட சொல்லாம சிக்னலை மாத்தறவனை நான் என் வேலையில மன்னிச்சதே இல்லைம்மா. எத்தனை பேர் உசுரு அது. வெளியில ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா? ஏம்மா, இருக்கியா?

— இருக்கேன்ப்பா.

— யாரு அங்க இருமறது?

— கடைக்காரருப்பா.

— நெஞ்சுச் சளி மாதிரி இருக்கே. வெந்நீர் குடிக்கச் சொல்லு. பாவம், நாள் முழுக்கத் தூசியில நிக்கறவங்க.

— சொல்றேன்ப்பா.

— மத்தியான மாத்திரை போட்டாச்சு. மஞ்சள் டப்பா. நீ ஒட்டினதுதானேன்னு அந்த அம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் மூடியைத் திறந்தேன். அவங்களுக்கு என் மேல கோபம். சீக்கிரம் வா.

— வந்துடறேன். வைக்கட்டுமாப்பா?

— வை, வை.

— வச்சிட்டாரா?

— வச்சிட்டாரு. மூச்சு விடாதேன்னா, இருமிக்கிட்டு நிக்கற.

— என்ன பண்றது, தூசிதான். குரல் அப்படியே இருக்குக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கு, ஆனா அப்படியே இருக்கு. ‘லைன் கிளியரா’ன்னு கேட்டாரு பார்த்தியா? அந்த ரயில் பேச்சை இன்னும் விடலை.

— அழாதேடா.

— அழலை. வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்காரு, குடிச்சுட்டு வர்றேன்.

— உக்காரு இங்க.

— பெட்டியைக் கட்டிடறேன்க்கா, பில்லும் போட்டுடறேன். பதினாறு கிலோ இருக்கும், நீ தூக்கக்கூடாது. ஆட்டோக்காரர்கிட்ட சொல்லி மாடி வரைக்கும்...

— நான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

— எந்தத் தாள்? தாள் போடற தட்டு கீழ இருக்கு, நூத்தம்பது பிடிக்கும்...

— பேச்சை மாத்தாதே. வந்ததுலேர்ந்து நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ ஒரு பிரிண்டரைக் கொண்டாந்து நடுவுல வைக்கற. அன்னைக்குக் காலைல பொத்தானை அமுக்கிட்டு ஓடிட்டேன், என்ன வந்துச்சுன்னே பார்க்கலைன்னு ஊரெல்லாம் சொன்னேனே, அது பொய். பார்த்தேன். கையில எடுத்துப் பார்த்தேன். ரெண்டு வட்டமும் ஒரே சாம்பல். எது காலை, எது ராத்திரின்னு எனக்கே தெரியலை, தாள்ல எது மேல, எது கீழன்னு பார்த்துத்தான் புரிஞ்சுது.

— அக்கா...

— சும்மா இரு. அப்ப எட்டு பத்து. எட்டே காலுக்கு பஸ். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து கலர்ல எடுத்துட்டு வந்து ஒட்டிக்கலாம்னு அப்படியே மேஜையில போட்டேன். கிழிச்சுப் போட்டிருக்கலாம். அப்பா, இதை எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேஜையில ஒரு தாள் கிடந்தா அவருக்குக் கை சும்மா இருக்காது, கத்திரியைத் தூக்கிடுவாருன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கேனேடா.

— பஸ் பிடிக்கற அவசரத்துல யாருக்கும் வர்றதுதான்.

— அதை மன்னிச்சுக்கலாம். அப்புறம் பண்ணினதை என்ன பண்றது? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் கேட்டாரு, ‘வட்டத்துல ஏம்மா நிறமே இல்லை’ன்னு. ‘தம்பி பிரிண்டரை மாத்தி வச்சிட்டான்ப்பா, என்கிட்ட சொல்லவே இல்லை’ன்னேன். டக்குன்னு வந்துடுச்சு வாயில. அது உண்மைதானே? நீ சொல்லலைதானே? அந்தப் பாதி உண்மையை வச்சே பதினாலு மாசம் ஓட்டிட்டேன். நீ பழம் வாங்கிட்டு வந்து வாசல்ல நின்ன, அவரு கதவைத் திறக்காதேன்னாரு. நான் உள்ளேதான் நின்னேன். நீ பையைக் கதவுல மாட்டிட்டுப் படி இறங்கற சத்தம் கேட்டுச்சு.

— அந்தப் பழத்தை யார் சாப்பிட்டது?

— விளையாடாதே.

— விளையாடலை. அவரு சாப்பிட்டாரான்னு கேட்டேன்.

— நான் வாங்கினதுன்னு சொல்லிக் குடுத்தேன். சாப்பிட்டாரு.

— அது போதும்.

— போதாது! ரெண்டரை மாசம்தான் இருக்குன்னு சொல்றேன். உன்னை வாசல்ல நிக்க வச்சு அவரு போய்ச் சேர்ந்தாருன்னா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு இருப்பேன்? கடையைச் சாத்து. என்கூட வா. அவரு எதிர்ல உன்னை உக்கார வச்சுச் சொல்லிடறேன். திட்டட்டும். என்னை வீட்டை விட்டுப் போன்னு சொல்லட்டும்.

— நீ போயிட்டா அவரை யார் பார்த்துப்பா?

— நீ கூட்டிக்கிட்டு வந்து வச்சுக்கோ.

— இந்தக் கடைக்கு மேல ஒரு அறை, அதுக்கு இரும்பு ஏணி. ஏத்தி விட்டுடலாமா அவரை?

— அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாம நீயே உன்னைத் தின்னுக்கிட்டு...

— தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— நீ பார்த்தது தெரியும். என்ன மாத்திரை போட்டாருன்னு பார்க்கணும், டப்பாவை எடுத்துட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல? வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வந்தது நான்தானே. வர்ற வழியில வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். தாளைச் சாய்ச்சுப் பார்க்கறதுதானே என் பொழப்பு. காலை டப்பா வட்டத்துல ‘கா’ன்னு எழுதின தடம் இருந்துச்சு. மை இல்லை, வெறும் கீறல். பேனா எழுதலை போல, ரெண்டு தடவை அழுத்தியிருக்க. துணைக்கால் போடற இடத்துல நீ ஒரு சுழி வைப்பியே, அந்தச் சுழி அப்படியே இருந்துச்சு.

— அதை நானே மறந்துட்டேன்டா. பேனா எழுதலைன்னு தூக்கிப் போட்டேன்.

— அந்த வட்டத்தை உரிச்சு வாயில போட்டு மென்னுட்டுத்தான் டப்பாவை டாக்டர் கையில குடுத்தேன்.

— அன்னைக்கேவா? அன்னைக்கே தெரிஞ்சும் ஒத்தை வார்த்தை பேசலையாடா நீ? என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. என்னை நாலு அறை விட்டிருக்கலாமே. உன் அப்பாவை உனக்கு இல்லாம பண்ணினவளை இன்னைக்கு நாற்காலி துடைச்சு உக்கார வைக்கற. எதுக்குடா?

— நர்ஸ் நீட்டின மாத்திரையை அவரு மூணு நாள் வாயில வாங்கலைக்கா. நீ உன் கையால குடுத்து, ‘இது சரியான மாத்திரைதான்ப்பா’ன்னு சொன்ன அப்புறம்தான் வாயைத் திறந்தாரு. பெட்டியைக் கட்டறேன், வீட்டுக்குப் போய் அஞ்சு வட்டத்தையும் ஒட்டு, அவர்கிட்ட ஒன்னும் சொல்லாதே.